இரண்டாவது பிறேக்

அத்தியாயம் பன்னிரண்டு

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை நாலாக மடித்து அரிசி வாளிக்கு அடியில் கீர்த்திகா செருகியதோடு போன கிழமை நிறுத்தியிருந்தோம்.

தம்பி மயூரதன் மூன்றாவது தடவையாகத் தேசிய கார்ப் பந்தயச் சம்பியன். நாலு வருடங்களுக்குப் பிறகு அச்சுவேலி வீட்டுக்கு வந்திருக்கிறான். பத்திரிகையில் வந்தது அவனுடைய பேட்டி. அதில் பாதிக்குமேல் ஒரு வெள்ளத்தின் கதை.

பதின்மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாரிப் பகலில், அப்பா பஞ்சலிங்கத்துக்கு நெஞ்சுநோ வந்தது. ஒரு வாகனமும் வரமாட்டேன் என்ற மழை. கோப்பாய்க்கு அப்பால் தெரு எது வயல் எது என்று தெரியவில்லை. வீட்டில் நின்ற பழைய ஒஸ்ரின் காரில் அப்பாவை ஏற்றி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வரை ஒரு பதினாறு வயதுப் பையன் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தானாம். அன்றைக்குத்தான் தனக்குள் ஒரு பந்தயக்காரன் இருப்பது அவனுக்குத் தெரிந்ததாம்.

அந்தக் காரை ஓட்டியவள் கீர்த்திகா. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. மயூரதன் பின்சீற்றில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி இருந்தான்.

பாராட்டு விழா நாள் காலை ஏழு மணிக்கே சாவகச்சேரியிலிருந்து அவள் புறப்பட்டு வந்தாள். அங்கேதான் அவள் சாரதிப் பயிற்சி நிலையம் நடத்துகிறாள். பக்கத்தில் ஒன்பது வயது மகள் கஜானி. பயிற்சிக் காரையே கொண்டு வந்திருந்தாள். பழகுபவர் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் மிதிப்பதற்கென்று, இடப்பக்கத்திலும் ஒரு பிறேக் பூட்டிய சின்ன வெள்ளைக் கார் அது.

அடுப்படியில் அம்மா பெரிய தாம்பாளத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கஜானி ஒன்றை எடுக்கக் கையை நீட்டினாள்.

"அது மாமாவுக்கு வைச்சது பிள்ளை, தொடாதை. உனக்கு அங்காலை விலாட்டு மாம்பழம் இருக்கு."

சின்ன விஷயம். ஆனால் கீர்த்திகாவுக்கு எங்கேயோ போய்த் தைத்தது. போன வருடம் அவள் காய்ச்சலில் இங்கே வந்து படுத்த நாலு நாளும் அம்மா இப்படி ஒரு பழத்தையும் எடுத்து வைக்கவில்லை.

முன் விறாந்தையில் அப்பா புதுச் சால்வையோடு இருந்தார். அந்தப் பேட்டியை வெட்டிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். பக்கத்தில் போய் நின்று கீர்த்திகா மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, உதிலை எழுதியிருக்கிறது உண்மையோ?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை.

"பேப்பர்காரர் ஏதோ மாறி எழுதிப்போட்டாங்கள்."

"பேப்பர்காரருக்கு வெள்ளக் கதை ஆர் சொன்னது?"

"இப்ப உதைத் திருத்தி என்ன வரப்போகுது, பிள்ளை? அவன்ரை பேர்தானே எங்கடை பேர். நல்ல நாளிலை உதைக் கதையாதை."

பேசினால் அதோடு இன்னொன்றும் வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளம் வந்த அடுத்த வருடம், கொழும்பிலிருந்து சோமசேகரம் என்ற பந்தய அணிக்காரர் தென்மராட்சியில் கிரவல் கல் பரவிய ஒரு வெளியில் புது ஆட்களைத் தேடிப் போட்டி வைத்தார். ஒரே காரில் அக்காவும் தம்பியும் ஓடினார்கள். தம்பியை விட அக்காவுக்கு நாலு செக்கன் குறைவு. சோமசேகரம் இருவரையும் அணிக்குக் கேட்டு, வீட்டார் சம்மதப் பத்திரம் இரண்டு கொடுத்தார். அப்பா தம்பியின் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டார்.

பிறகு வந்தது மயூரதனின் காலம். முதல் வருடம் கராஜில் ரயர் கழற்றினான். இரண்டாம் வருடம் ஓடிய ஆறு போட்டியிலும் கடைசி. நாலாம் வருடம் மலைநாட்டுத் தடம் ஒன்றில் மழைக்குள் எல்லாரும் வேகத்தைக் குறைத்தபோது அவன் மட்டும் குறைக்காமல் வந்து முதல் கோப்பையைத் தூக்கினான். அதற்குப் பிறகு அவனை நிறுத்த ஆள் இல்லை. கைத்தொலைபேசியில் அந்தப் போட்டிகள் ஒவ்வொன்றையும் கீர்த்திகா திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். எந்த வளைவில் எத்தனையாம் கியர் என்பது அவளுக்கு மனப்பாடம். பார்க்கும்போது கட்டிலின் சட்டத்தில் அவளுடைய வலது கால் தானாக அழுத்தும். அவளுடைய மனுசன் குகதாசன் ஒரு நாள் அதைக் கண்டுவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் இல்லாத நேரத்தில்தான் பார்ப்பாள்.

எட்டரை மணிக்கு விளையாட்டுக் கழகச் செயலாளர் முத்துக்குமாரு வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"கீர்த்திகா பிள்ளை, ஒரு உதவி. ஊர்வலத்துக்குத் திறந்த ஜீப் எடுத்து வைச்சிருக்கிறம். ஓட்டுற பெடியனுக்கு வீட்டிலை செத்தவீடு. நடை வேகத்திலை ஓடவேணும், பழைய கிளச். உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை."

"ஓம், ஓடுறன்" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

சந்தியிலிருந்து பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் ஒரு மைல்கூட இல்லை. அதைக் கடக்க ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. முன்னால் மேளமும் நாதஸ்வரமும். வீட்டுக்கு வீடு நிறைகுடம். ஜீப்பின் பின்பக்கம் மாலைகளோடு மயூரதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீர்த்திகா கிளச்சில் காலை வைத்து அடி அடியாக வண்டியை நகர்த்தினாள். சூடேறிய இரும்பின் வெக்கை முழங்கால் வரை ஏறியது.

அவளுடைய தலைக்கு மேலால் பூ பறந்தது. ஒருவரும் அவளுக்குப் பொட்டு வைக்கவில்லை.

சந்தனத் தட்டோடு வந்த பெண் ஒருத்தி மற்றவளிடம் கேட்டது காதில் விழுந்தது.

"ஓடுறது ஆரடி, பொம்பிளை டிறைவரோ?"

"உவ அவன்ரை தமக்கை."

"தம்பி பழக்கிவிட்டிருப்பான்."

கண்ணாடியில் கீர்த்திகா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். வழுக்கி விழமாட்டானா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கு அவள் வெட்கப்படவுமில்லை.

அப்போதுதான் அதைக் கவனித்தாள். இடப்பக்கமாக ஒரு சின்னப் பிள்ளை ரோசாப்பூ நீட்டியது. மயூரதனின் கை பூவுக்கு அரை அடி இப்பால் வெறும் காற்றைப் பிடித்தது. சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பி, பிறகு வாங்கினான். கொஞ்சத் தூரத்தில் இன்னொரு முறை, ஒரு கிழவரின் கைகுலுக்கலில் அதே மாதிரி. அதுவும் இடப்பக்கம்தான்.

எத்தனை பேருக்கு ஓட்டப் பழக்கியவள் அவள். ஆட்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமல் விடுகிறார்கள் என்பதைக் கவனிப்பதுதான் அவளுடைய தொழில்.

மைதானத்தில் ஜீப்பைப் பந்தலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள். மேடையில் அப்பாவும் அம்மாவும் சோமசேகரமும். பேச்சுகள் முடிந்தன. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு பெயர் சொன்னார்கள். சம்பியனின் மருமகள், செல்வி கஜானி குகதாசன்.

கீர்த்திகாவுக்கு இது தெரியாது. மகளுக்கு அம்மப்பாதான் எழுதிப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறார்.

"என்னுடைய மாமா பதினாறு வயதிலேயே வெள்ளத்தை எதிர்த்துக் கார் ஓட்டி என் அம்மப்பாவின் உயிரைக் காப்பாற்றினார்" என்று கஜானி கையை உயர்த்தி உரக்கச் சொன்னாள். "நானும் மாமாவைப் போல வருவேன். வேறு ஒருவரைப் போலவும் வர மாட்டேன்."

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. அப்பா சால்வையின் நுனியால் கண்ணைத் துடைத்தார். மயூரதன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

மேடைகளையும் கோப்பைகளையும் அவன் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வெள்ளம் மட்டும்தான் அவளிடம் இருந்தது. இப்போது அதையும் எடுத்து, அவளுடைய பிள்ளையின் வாயாலேயே சொல்லவும் வைத்தாயிற்று.

சாப்பாட்டுக்குப் பிறகு, பிற்பகல் மூன்று மணியளவில், அவள் தம்பியிடம் போனாள்.

"வா தம்பி, வல்லைப் பக்கம் ஒருக்கால் போயிட்டு வருவம்."

"களைப்பா இருக்கக்கா."

"கனநேரம் எடுக்காது."

வல்லை வெளிக்கு வந்ததும் காற்று காரை அறைந்தது. இரண்டு பக்கமும் ஆளில்லாத தரவை நிலம். பாலத்துக்கு முன்னால் தெரு நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடந்தது. கீர்த்திகா ஓரமாக நிறுத்தி இறங்கினாள்.

"நீ ஓடு."

"வேண்டாமக்கா."

"சம்பியன் ஓடுறதை நான் பக்கத்திலை இருந்து பார்த்ததில்லை. ஓடிக் காட்டு."

அவளுடைய குரலில் இருந்த நஞ்சு அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். இடம் மாறி உட்கார்ந்தான். அவள் இடப்பக்கச் சீற்றில் ஏறிக்கொண்டாள்.

அவன் எடுத்த எடுப்பு அழகாகத்தான் இருந்தது. கியர் மாறியதே தெரியவில்லை. அந்தச் சின்னக் கார் தனக்குள் இப்படி ஒரு வேகம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் அறிந்த மாதிரி ஓடியது. ரசிக்காமல் இருக்க அவள் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

எதிரே மணல் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்று வந்தது. மயூரதன் இடப்பக்கம் ஒதுங்கினான். அங்கே தெரு ஓரமாக, வலைப்பையைக் கரியரில் கட்டியபடி ஒருவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார். தூரத்திலேயே கண்ணில் படக்கூடிய ஆள். அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. கார் நேரே அவரிடம் போனது.

கீர்த்திகா தன் பக்கத்துப் பிறேக்கை முழுக்கால் கொடுத்து மிதித்தாள்.

கார் ஒருமுறை உதறி, சைக்கிளின் பின்சில்லுக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. ரிப்பர் ஹோண் அடித்துக்கொண்டு கடந்தது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து ஏதோ ஏசிவிட்டுப் போனார்.

மயூரதனின் இரு கையும் ஸ்ரியறிங்கிலேயே இருந்தன.

"அந்தாளைக் கண்டனியோ?" என்று அவள் கேட்டாள்.

அவன் தலையை முழுதாகத் திருப்பி, போகும் சைக்கிளைத் தேடினான்.

"இடது கண் என்ன உனக்கு?"

காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னான். போன வருடக் கடைசிப் போட்டியில் கார் சுவரில் அடித்தபோது தலை இடிபட்டது. ஒரு மாதத்தில் இடது கண்ணில் ஒரு நிழல் விழுந்தது. நிழல் பெருத்தது. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது. தனியாகப் போய் ஒரு டொக்டரிடம் காட்டினான். இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

"ஆருக்குத் தெரியும்?"

"டொக்டருக்கு. இப்ப உனக்கு."

"சோமசேகரத்தாருக்கு?"

"தெரியாது. வாற மாதம் மலேசியாவிலை போட்டி. அதுக்குத்தான் பதினொரு வருசம் ஓடினனான் அக்கா. அதொண்டை மட்டும் ஓடிப்போட்டு விட்டிடுறன்."

கீர்த்திகா வெளியே பார்த்தாள். கடல்நீரேரியில் கொக்குகள் நின்றன. அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. இவனும் இனி வெறும் ஆள்தான். அந்த நினைப்பு நாக்கில் இனிப்புப் போல ஒரு நொடி நின்றது. பிறகு அதே நாக்கு கசந்தது.

"என்ரை கதையை ஏன் எடுத்தனீ?"

"பேட்டி எடுத்தவர் கேட்டார், எப்ப இருந்து உங்களுக்கு இந்த ஆசை எண்டு. வெள்ளத்தைச் சொன்னன். அக்கா ஓடினவ எண்டு சொல்லத்தான் போனனான். வாய் வரேல்லை."

"ஏன்?"

"எரிச்சல்."

தான் பிழையாகக் கேட்டதாக அவள் நினைத்தாள்.

"என்னிலையோ? உனக்கோ?"

"மூண்டு கோப்பை இருக்கு. மூண்டுக்கும் நல்ல கார், பின்னாலை பத்துப் பேர் வேலை செய்யிறாங்கள். உன்னட்டை ஒரு பழைய ஒஸ்ரின். வைப்பரும் வேலை செய்யேல்லை. தலையை வெளியாலை நீட்டி ஓடினனீ. நான் பின்னாலை கண்ணை மூடிக்கொண்டு அழுதனான். அதுக்குப் பிறகு எங்கை வெண்டாலும், மேடையிலை ஏறேக்கை ஒரு நினைப்பு வரும். கிரவல் வெளியிலை நாலு செக்கன். அது எனக்கு மறக்கேல்லை அக்கா. கண்ணும் போன பிறகு, என்ரை எண்டு சொல்ல அந்த மாதிரி ஒண்டு வேணும் போலை கிடந்தது."

பதின்மூன்று வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த சொற்கள் இவை. கேட்டு முடிந்ததும், இவ்வளவுதானா என்றிருந்தது.

"சரி" என்றாள் கடைசியில். "உன்ரை கண்ணைப் பற்றி நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன். நீ கஜானிக்கு உண்மையைச் சொல்லு. இண்டைக்கே, எல்லாருக்கும் முன்னாலை."

"சொல்லுறன்" என்றான் அவன், யோசிக்காமலே.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். பாதி வழியில், தான் செய்த பேரம் என்னவென்று அவளுக்கு உறைத்தது. மலேசியாவில் அவன் ஓடப்போவது கிரவல் வெளியில் அல்ல. இருபது கார்கள் கண்ணாடிக்குக் கண்ணாடி உரசிக்கொண்டு ஓடும் தடத்தில். அங்கே அவனுடைய இடப்பக்கத்தில் மிதிக்க ஒரு கால் இராது.

வீட்டு வாசலில் சோமசேகரத்தின் கார் நின்றது. உள்ளே அவரும் அப்பாவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். கஜானி மாமாவின் வெற்றிக் கோப்பையை மடியில் வைத்திருந்தாள்.

மயூரதன் செருப்பைக் கழற்றியதும் நேரே மருமகளிடம் போய் அவளுக்கு முன்னால் குந்தினான்.

"கஜா, அந்த வெள்ளத்துக்கை காரை ஓடினது நான் இல்லை. உன்ரை அம்மா. நான் பின்னாலை இருந்து அழுதனான். பேப்பரிலை நான் பொய் சொல்லிப்போட்டன்."

அம்மாவின் கத்தி நின்றது. அப்பா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். சோமசேகரம் அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

கஜானி தாயைப் பார்த்தாள், புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பது போல.

"அப்ப ஏனம்மா நீங்கள் றேஸ் ஓடேல்லை?"

கீர்த்திகா அப்பாவைப் பார்த்தாள். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

கதையை மாற்றத்தான் போலும், சோமசேகரம் பையிலிருந்து காகிதங்களை எடுத்தார்.

"நல்லது, உண்மை சொன்னது நல்லது. இனி வேலையைப் பார்ப்பம். மலேசியா ஒப்பந்தம். தம்பி இதிலை ஒரு கையெழுத்து. பிறகு குடும்பத்திலை ஒருத்தர், இவருக்கு மறைச்ச நோய் வருத்தம் ஒண்டும் இல்லையெண்டு உறுதி சொல்லிச் சாட்சிக்குப் போடவேணும். அங்கத்தைக்காரர் கேட்கிறாங்கள். தங்கச்சி, நீங்கள் போடுங்கோவன், வாகனம் தெரிஞ்ச ஆள்தானே."

மயூரதன் மளமளவென்று கையெழுத்துப் போட்டான். பேனையை அக்காவிடம் நீட்டினான். அவனுடைய வலது கண் அவளையே பார்த்தது. நான் சொன்னதைச் செய்துவிட்டேன் என்றது அது.

கீர்த்திகா பேனையை வாங்கினாள். காகிதத்தை வாசித்தாள். மறைத்த நோய் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரிந்த வரையில் உறுதி கூறுகிறேன். கீழே ஒரு கோடு. தன் பெயர் ஒரு பத்திரத்தில் வர வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பாள்.

பேனையை மேசையில் வைத்தாள்.

"நான் போடமாட்டன்."

"என்ன பிள்ளை?" என்றார் அப்பா.

"நான் போடேல்லை அப்பா. நீங்களும் போடாதையுங்கோ."

"ஏன்? காரணம் சொல்லு."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவனுடைய முகம் வெளுத்திருந்தது. கொடுத்த வாக்கு அவளுடைய வாயை மூடியது.

அப்பா எழும்பினார்.

"அவன் எல்லாருக்கும் முன்னாலை உனக்குப் பேரைத் தந்திட்டான். அதுக்குப் பிறகுமோ? கூடப் பிறந்தவனிலை உனக்கு உவ்வளவு எரிச்சலோ?"

கஜானி தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கண்ணைத் துடைத்தாள்.

"ஓம் அப்பா" என்றாள் கீர்த்திகா. "எரிச்சல்தான். நீங்கள் அவனுக்கு மட்டும் கையெழுத்துப் போட்ட நாளிலை இருந்து எரிச்சல்தான். ஆனால் இதுக்கு நான் போடமாட்டன்."

"அப்ப நான் போடுறன்" என்று அப்பா பேனையை எடுத்தார். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை மூக்கில் சரிசெய்து, கோடு எங்கே என்று தேடினார்.

கீர்த்திகா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். கார்த் திறப்பு கையில் இருந்தது. போய்விடலாம். இதற்கு மேல் அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பின்னால் மயூரதனின் குரல் கேட்டது. மேடைகளில் கேட்ட குரல் அல்ல அது.

"அப்பா, பொறுங்கோ. கையெழுத்து வைக்காதையுங்கோ."